சின்னவனுக்கு ஒரு கஷ்டம் தேவை

"நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. ஏதாவது ஒரு கஷ்டம். ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும்."

வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் தயார் செய்து தரும் கன்சல்டன்ட் பேனாவை மூடித் திறந்து மூடினார். சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்த சின்னவன் மின்விசிறியைப் பார்த்தான். அவனிடம் எல்லாம் இருந்தது, கஷ்டம் ஒன்றுதான் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகமோ மேற்படிப்பு விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டது. வாழ்க்கையில் சந்தித்த இடையூறு எது, அதை எப்படித் தாண்டினாய், அதனால் பிறருக்கு என்ன நன்மை? நுழைவுத் தேர்வு மதிப்பெண் எல்லாப் பையன்களிடமும் இருக்கிறது, உதவித்தொகை வேண்டுமென்றால் இந்தக் கட்டுரைதான் பேச வேண்டும் என்று கன்சல்டன்ட் அடித்துச் சொல்லிவிட்டார்.

"ஆறாவது படிக்கிறப்போ டைபாய்டு வந்துச்சே," என்றார் அப்பா.

"ஏசி ரூம்லதானே வெச்சுப் பாத்தோம்! அவனுக்கு ஒரு கஷ்டமும் தெரியாமத்தான் வளர்த்தேன்," என்றாள் அம்மா பெருமையாக. சொன்ன பிறகுதான், இன்றைக்கு அதுவே குறையாகிவிட்டது என்பது அவளுக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரியவள் டீ கொண்டு வந்தாள். தட்டை வைத்துவிட்டு, யாரும் பேசுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்பது அவளுக்குப் பழகிப்போன கணக்கு. ஆனால் கன்சல்டன்ட் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இவங்க யாரு சார்?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "மூத்த பொண்ணு. மாப்பிள்ளை ஆக்சிடெண்ட்ல தவறிட்டார். ரெண்டு வருஷமா இங்கதான் இருக்கா."

கன்சல்டன்ட்டின் முகம் மலர்ந்தது. துக்கச் செய்தி கேட்டு ஒரு மனிதனின் முகம் அப்படி மலர்ந்ததைப் பெரியவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இதை ஏன் சார் முதல்லயே சொல்லலை?" என்று பேனாவைத் திறந்தார்.

பெரியவள் புள்ளியியல் பட்டதாரி. சின்னவன் படித்துக் கிழித்த நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள் அத்தனையும் அவள் கல்யாணத்துக்கு முன் ஆசை ஆசையாக வாங்கியவை. கணவன் போன பிறகு ஒருநாள், பரீட்சை எழுதி மேலே படிக்கப் போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாள். "புருஷனைப் பறிகொடுத்தவ தனியாக் கடல் தாண்டிப் போனா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று கேட்டு, அத்தோடு பேச்சை முடித்துவிட்டார். அந்த நாலு பேரை அவள் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. வீட்டுக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும், வருகிறவர்களுக்கெல்லாம் டீ போடுவது அவள்தானே. அழுது பார்த்தாள், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். கடைசியில், "சும்மா இருக்கிற நேரத்துல தம்பிக்காவது சொல்லிக் குடு," என்று ஒரு வேலை கிடைத்தது. மாதிரித் தேர்வில் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தவனைக் கணக்கில் கரையேற்றியது அவள்தான். அதற்கும் அம்மா கன்சல்டன்ட்டின் கோச்சிங்கைத்தான் மெச்சிக்கொண்டாள்.

அடுத்த வாரம் கட்டுரை வந்தது. ஆங்கிலத்தில் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிச் சின்னவன் அதை அக்காவிடமே நீட்டினான். அந்த அளவுக்கு அவனுக்கு உலகம் தெரியாது.

பெரியவள் படித்தாள். 'என் அக்கா கணவரை இழந்தபோது, அவள் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று வீடே சொன்னது. நான் ஒருவன் மட்டும் எதிர்த்து நின்றேன். அப்பாவோடு மாதக் கணக்கில் போராடினேன். ஒவ்வொரு மாலையும் அக்காவோடு உட்கார்ந்து, அவளை மறுபடியும் புத்தகத்தைத் தொட வைத்தேன். இன்று அவளும் என்னைப் போலவே நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள்.'

அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. காகிதத்தோடு நேரே கூடத்துக்குப் போனாள்.

"அப்பா, இவன் எந்த அப்பாவோட போராடினான்?"

"கட்டுரைம்மா அது. கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும்."

"நான் உங்ககிட்ட அழுதப்போ இவன் ஹெட்போன் மாட்டிக்கிட்டு மேட்ச் பாத்துட்டிருந்தான்."

"அக்கா, சத்தியமா நான் எழுதலை. அந்த ஆள்தான் எழுதினாரு," என்றான் சின்னவன். அவன் காது சிவந்திருந்தது.

"தெரியும்டா. நீ எழுதியிருந்தா இவ்வளவு பிழையில்லாம வந்திருக்காது."

அம்மா குறுக்கே வந்தாள். "இப்போ என்ன குடி முழுகிப் போச்சு? உன் கஷ்டம் எப்படியும் பட்டாச்சு. அது தம்பிக்காவது உபயோகப்படட்டுமே!"

நகை நட்டைக் கேட்டிருந்தால் பெரியவள் கழற்றிக் கொடுத்திருப்பாள். பட்ட பாட்டையும் கழற்றிக் கொடு என்கிறார்கள். பெரியவள் ஒரு காற்புள்ளியைத் திருத்திக் காகிதத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள்.

கட்டுரை கச்சிதமாக வேலை செய்தது. வீடியோவில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அன்று சாயங்காலம் கூடத்துச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றினார்கள், பிரஷர் குக்கருக்குத் தடை போட்டார்கள். மடிக்கணினிக்குப் பின்னால், கேமரா கண்ணில் படாத இடத்தில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நாற்காலி போட்டாயிற்று.

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "நல்ல காரியம் நடக்குது. முடியிற வரைக்கும் நீ வெளிய வராதே, என்ன?"

கதவைச் சாத்திக்கொண்டும் போனாள்.

பெரியவள் மேடையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அம்மாள் பேசினார், குரல் கனிவாக இருந்தது. கட்டுரையைப் படித்து நெகிழ்ந்துபோனதாகச் சொன்னார். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று கேட்டார். சின்னவன் மென்று விழுங்கி, அப்பா முதலில் ரொம்பக் கோபப்பட்டார், பிறகு மனம் மாறினார் என்றான். மனம் மாறிய அப்பா கணினிக்குப் பின்னால் இருந்து, அப்படித்தான், அப்படித்தான் என்று தலையாட்டினார்.

"உன் அக்கா வீட்டில் இருக்கிறாரா? ஒரு நிமிடம் அவரோடு பேசலாமா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

இந்தக் கேள்விக்குக் கன்சல்டன்ட் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. சின்னவன் தன்னை மறந்து, இருக்கிறாள் என்று சொல்லிவிட்டான்.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. "வா, வா, சீக்கிரம் வாடி!" அம்மா குழாயில் கையை நனைத்து அவள் தலைமுடியை அழுத்திப் படிய வைத்தாள், முகத்தைத் தன் சேலைத் தலைப்பாலேயே துடைத்தாள், கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். நல்ல காரியத்தின் நடுவில், எல்லா விளக்கும் எரிய, பெரியவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். கணினிக்குப் பின்னால் அப்பா இரண்டு கையையும் கூப்பினார். கேட்பதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடு என்று சைகை காட்டினார்.

அந்த அம்மாள் பெரியவளுக்கு வணக்கம் சொன்னார். "நீங்களும் தேர்வு எழுதப்போவதாகத் தம்பி எழுதியிருக்கிறார். எப்போது எழுதுகிறீர்கள்?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். தன்னிடம் ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை ஒருவர் காத்திருந்து எவ்வளவு காலமாயிற்று! உண்மையைச் சொல்லலாம். சொன்னால் தம்பியின் படிப்பு இந்த நொடியே பாழ், தானே கட்டி எழுப்பியதைத் தானே இடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சும்மா தலையாட்டிவிட்டு எழுந்து போகலாம். போனால் ஆயுசுக்கும் அவன் கட்டுரையில் ஒரு பத்தியாகவே இருந்துவிட வேண்டியதுதான்.

"அடுத்த மாதம் எழுதுகிறேன்," என்றாள் பெரியவள் தெளிவான ஆங்கிலத்தில். "புள்ளியியலில் மேற்படிப்புக்கு உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். தேர்வுக் கட்டணத்தை அப்பாதான் கட்டுகிறார்."

"அருமை! உங்கள் விண்ணப்பத்தை எதிர்பார்த்திருப்பேன். தம்பியின் கோப்பிலேயே இதைக் குறித்து வைக்கிறேன்," என்று அவர் அப்போதே எழுதிக்கொண்டார்.

திரை அணைந்ததும் அப்பா வெடித்தார். "யாரைக் கேட்டுடி சொன்னே? என்னைப் பழி வாங்குறியா?"

"எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லத்தானேப்பா கை காட்டினீங்க? கட்டுரையில இருக்கிறதைத்தான் சொன்னேன். தம்பி எழுதினது பொய்யாப் போயிடக் கூடாது பாருங்க."

அப்பா கன்சல்டன்ட்டைப் போனில் பிடித்து, எதிர்ச்சாரிக்குக் கேட்கும்படி கத்தினார். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "எழுத வெச்சுடுங்க சார். ஃபைல்லயே குறிச்சுக்கிட்டாங்க. சிஸ்டர் அப்ளிகேஷன் வரலைன்னா தம்பி கட்டுரை மேல சந்தேகம் வரும். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

அப்பா போனை வைத்தார். அவள் அழுகைக்கும் பட்டினிக்கும் அசையாத மனிதர், மகன் கட்டுரை மேல் சந்தேகம் வரும் என்ற ஒரு சொல்லுக்கு மறுநாளே பணம் கட்டினார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது பெரியவளுக்கு. ஆனால் அந்த மகிழ்ச்சியை நினைக்க நினைக்க எரிச்சலாகவும் இருந்தது.

அவள் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சின்னவனுக்கு முடிவு வந்தது. இடமும் உதவித்தொகையும் இரண்டுமே கிடைத்துவிட்டன. ஒரு பெண்ணின் கல்விக்காக அவன் காட்டிய துணிச்சலைப் பல்கலைக்கழகம் தனியாகப் பாராட்டியிருந்தது. அம்மா அதைப் பெரிதாக அச்செடுத்து வரச் சொன்னாள்.

எதிர்வீட்டு அத்தை விசாரிக்க வந்தாள். "அக்காவும் எழுதுறாளாமே? நம்ம ஜனங்கள்ல யாரு சார் இப்படி விடுவாங்க?"

"எல்லாம் சின்னவனோட பிடிவாதம்," என்றார் அப்பா. "அக்கா படிச்சே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னான். நான்கூட முதல்ல கோபப்பட்டேன். அப்புறம் நினைச்சுப் பாத்தேன், காலம் மாறிப்போச்சு, நாமளும் மாறணும் இல்லையா?"

பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவர் குரலில் இல்லை. இத்தனை நாளில் அவரே அதை நம்பத் தொடங்கியிருந்தார். சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தை பெரியவளின் அறை வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். "தங்கமான தம்பிடி உனக்கு! நீ குடுத்து வெச்சவ."

பெரியவளின் வாயில் நூறு பதில் வந்து நின்றன. மேசையில் பாதிக் கணக்கு கிடந்தது.

"அத்தை, கொஞ்சம் மெதுவாப் பேசுறீங்களா? நான் படிக்கணும்," என்று சொல்லி, எழுந்து வந்து, உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.