யாரும் செய்யாத நாற்காலி

முப்பத்து நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு நாற்காலியைப் பெற்றெடுத்தார்கள். பட்டப்பகலில், மூன்று கேமராக்களும் ஒரு சூப்பர்வைசரும் பார்த்துக்கொண்டிருக்க, அன்றைய உற்பத்தியில் ஒரு சட்டைகூடக் குறையாமல். ஒருத்தியும் முனகவில்லை. பிறக்கும்போதே அதற்குக் காலரும் இரண்டு பட்டனும் இருந்தன.

அந்தத் தையல் ஆலையில் நான்காவது லைன் முடிகிற இடத்தில் ஒரு மேசை உண்டு. முப்பத்து மூன்று பேரிடம் கைமாறி வரும் சட்டை அங்கேதான் வந்து விழும். மேசைக்குப் பின்னால் நின்றவளை எல்லோரும் கடைசி மேசைக்காரி என்றார்கள். சட்டையின் காலரைப் பிடித்து உதறுவாள், இரண்டு கைகளையும் இழுத்துப் பார்ப்பாள், உட்புறம் திருப்புவாள். தையல் பிசகியிருந்தால் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். மணிக்கு எழுபது சட்டை. எல்லாம் நின்றபடி. உட்கார்ந்தால் கண் சொக்கும், கண் சொக்கினால் பிசகு தப்பிவிடும் என்று எந்தக் காலத்திலோ எந்த மகானோ சொல்லிவிட்டுப் போனதால் செக்கிங்கில் நாற்காலி கிடையாது. தைப்பவர்களுக்கு பெஞ்சு உண்டு. அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள், பெஞ்சு எழுந்து ஓடிவிடும் என்பதுபோல.

அவளுக்கு எட்டாவது மாதம். அவள் எங்கே போனாலும் வயிறு கால் மணி நேரம் முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். மேசை விளிம்பு வயிற்றில் இடித்ததால் ஒரு முழம் தள்ளி நின்று, குளத்தில் துணி அலசுகிறவள்போல எட்டிக் குனிந்து சட்டையை எடுக்க வேண்டியிருந்தது. முப்பது நிமிடத்துக்கு ஒரு தரம் கழிவறை. நெஞ்சில் எப்போதும் ஒரு அடுப்பு. சாயங்காலமானால் பாதங்கள் ஊறவைத்த ரொட்டியாகிவிடும். அவளுடைய செருப்பு நுழையாமல் புருஷனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் அவளுடைய செருப்பை மாட்டிக்கொண்டு மூட்டை தூக்கப் போனான் என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை.

போன வாரம் நர்ஸ் அவள் கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. மூடவே இல்லை.

"பிரஷர் நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறு. யூரின்ல இன்னும் ஒன்னும் தெரியல, அது வரைக்கும் நல்லது. வாரா வாரம் வரணும். வேலையில உக்காரு, கால உயர்த்தி வை, இடது பக்கமா படு. தலைவலி மண்டையப் பொளந்தா, கண்ணுல பூச்சி பறந்தா, மேல்வயிறு வலிச்சா, குழந்தை அசைவு குறைஞ்சா நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காத. அப்பவே ஓடி வா."

"ஓடவா?"

"சரி, உருண்டாவது வா."

வேலையில் உட்கார அனுமதிக்கவும் என்று நர்ஸ் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு அவள் ஸ்டாப்வாட்சிடம் போனாள். அதுதான் சூப்பர்வைசரின் பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறாக இருக்கலாம். கழுத்தில் தொங்கும் கடிகாரத்தைக் கழற்றினால் அவருக்கு மூச்சு நின்றுவிடும். ஒரு நூல் அறுவதற்கு முன்னால், அறலாமா என்று அது யோசிக்கும்போதே அவருக்குக் கேட்டுவிடும்.

"செக்கிங்ல நாற்காலியா? ஆபீஸ்ல கையெழுத்து வாங்கிட்டு வாம்மா."

ஆபீஸ் மாடியில். முப்பத்தெட்டுப் படி. "சூப்பர்வைசர் கையெழுத்துப் போடாம நாங்க போட முடியாது" என்றார்கள். இறங்கினாள். "ஆபீஸே போடல, நான் எப்படிப் போடறது?" என்றார் ஸ்டாப்வாட்ச். மறுபடி ஏறினாள். இப்போது ஆபீசரே வெளியே வந்தார். கண்ணாடிக் கதவு, கழுத்தை நெரிக்கும் டை.

"முடியலன்னா இப்பவே நின்னுக்க. ஒன்பதாவது மாசம் பொறந்தாத்தான் பிரசவ லீவு. அதுக்கு முன்னாடி போனா நீயா வேலைய விட்டதா எழுதிடுவோம். இன்னும் மூணு வாரம்தானே, பல்லக் கடிச்சுக்க."

இறங்கும்போது பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த ஆலையில் அவள் உட்கார்ந்த ஒரே இடம் அதுதான்.

குழந்தை உதைக்கும்போதெல்லாம் மேசையின் அடிப்பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவைப்பாள். சாப்பாட்டு மணிக்குள் பத்தைத் தாண்டிவிடும். மறுநாள் மணி அடித்தபோது குனிந்து பார்த்தாள். இரண்டுதான் இருந்தன.

சாப்பாட்டை எடுக்கவில்லை. துணி மாற்றும் அறையில் தரையில் இடது பக்கமாகப் படுத்து, ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்துவிட்டு, வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். காலர் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். லைனில் மூத்தவள், பன்னிரண்டு வருடமாகச் சட்டைக்குக் காலர் வைப்பவள்.

"என்னடி, வருதா?"

"பேசாத அக்கா. எண்ணிக்கிட்டிருக்கேன்."

ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இரண்டு. அப்புறம் உள்ளே இருந்தது சோம்பல் முறித்துக்கொண்டு, காலர் அக்காவின் கையையே தள்ளிவிடும் அளவுக்கு வரிசையாக உதை விட்டது. பத்தைத் தாண்டியதும் இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள்.

"நான் படுத்தா அசையுது அக்கா. காலையிலேருந்து நின்னா கப்சிப்புன்னு ஆயிடுது. வேலைய விட்டா வீட்டுக்கு அரிசி இல்ல. விடலேன்னா இது இல்லாம போயிடும். இன்னும் மூணு வாரம். ஒரே ஒரு நாற்காலி."

"அவங்க தர மாட்டாங்க. வெளியிலேருந்து கொண்டாந்தா கேட்லயே புடிச்சு, வேலை அட்டைய ரத்து பண்ணிடுவாங்க." காலர் அக்கா கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "நாமளே செஞ்சிடலாம்."

"நாற்காலி செய்ய யாருக்கு அக்கா தெரியும்?"

"சட்டை தைக்க மட்டும் யாருக்குத் தெரியுமாம்? நான் இது வரைக்கும் ஒரு முழுச் சட்டை தெச்சதில்ல. கை எங்க ஒட்டுது, பை எப்படி உக்காருதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இருந்தும் ஒரு நாளைக்கு ஐநூத்தி அறுபது சட்டை போகுதா இல்லியா?"

அந்த ஆலைக்குத் துணி, கனத்த அட்டைக் குழாயில் சுற்றி வரும். துணி தீர்ந்ததும் குழாய் குப்பைக்குப் போகும். யானை ஏறி ஆடினாலும் நசுங்காத குழாய். வெட்டு மேசை அண்ணன் அதைத் தொடை உயரத்துக்கு இருபத்தேழும், முதுகுக்கு நீளமாக ஆறும் வெட்டிக் கொடுத்தார். இந்தப் பிரசவத்தில் ஆண் என்று சம்பந்தப்பட்டவர் அவர் ஒருவர்தான். வழக்கம்போல ஆரம்பத்தோடு அவர் வேலை முடிந்தது.

வேலை மூன்று நாள் நடந்தது. வெட்டிய துணிக்கட்டு கூடையில் லைனுக்குள் வரும்போது அடியில் ஒரு குழாயும் வந்தது. ஒருத்தி அதற்குக் கழிவுத் துணியில் உறை தைத்தாள், அடுத்தவள் உறையை மாட்டினாள், அதற்கு அடுத்தவள் முன்னால் வந்த குழாய்களோடு சேர்த்து நாடாவால் இறுக்கினாள். தலை நிமிராமல், மெஷின் நிற்காமல். ஊசி உடைந்து நேரம் போனால் சமாளிக்க ஒவ்வொருத்தியும் நாலைந்து முடித்த துண்டுகளை மடிக்குக் கீழே பதுக்கிவைப்பது அந்த லைனில் வழக்கம். இந்த மூன்று நாளும் அந்தப் பதுக்கலைத்தான் செலவழித்தார்கள். ஸ்டாப்வாட்ச் முன்னும் பின்னும் நடந்து கடிகாரத்தை அமுக்கிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. இரண்டாம் நாள் மகிழ்ந்துபோய், "லைன் நாலு, சபாஷ்!" என்று கத்தவும் செய்தார்.

ஒரே ஒரு கோளாறு. பழகிய கைகள் பழகியதைச் செய்துவிட்டன. பட்டன்காரி தன்னிடம் வந்த, உட்காருவதற்கான துணி மெத்தையில் யோசிக்காமல் இரண்டு பட்டனை வைத்தாள். காலர் அக்கா முதுகின் தலைமாட்டில் அருமையாக ஒரு காலரை ஏற்றினாள். லேபிள் தைப்பவள், 'அளவு: பெரியது, லைன் 4' என்று அச்சடித்த துண்டைக் காலருக்குள் தைத்துவிட்டாள். கடைசியில் சட்டைக் குவியலோடு நாற்காலி கடைசி மேசைக்கு வந்தபோது, யாருக்காக அத்தனை பாடும் பட்டார்களோ அவள் என்ன செய்தாள்? காலரைப் பிடித்து உதறினாள், திருப்பினாள், ஒரு நூல் தொங்குவதைக் கண்டாள், சிவப்பு அம்பை ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"அடியே! உக்காருடி முதல்ல!" என்று லைனே சத்தமில்லாமல் வாயசைத்தது. நாற்காலி நூல் வெட்டிக்கொண்டு திரும்பி வர ஒரு மணி நேரமாயிற்று.

அவள் உட்கார்ந்தாள். ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் காலை வைத்தாள். தோளில் ஏறியிருந்த ஏதோ ஒன்று இறங்கி வழிந்து ஓடியது. மேசைக்கு அடியில் அம்புகள் பெருகின. அந்த வாரம் நர்ஸ், நூத்தி முப்பதுக்கு எண்பத்தி நாலு என்றாள். மணிக்கு எழுபது சட்டை பார்த்தவள் எழுபத்தைந்து பார்த்தாள்.

குவித்த சட்டைகள் நாற்காலியை நாலு நாள் மறைத்தன. ஐந்தாம் நாள் ஸ்டாப்வாட்ச் சட்டைக் குவியலைத் தாண்டி எட்டிப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது. அந்த வாய்க்குள் ஒரு கூடைத் துணி போட்டிருக்கலாம்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"இங்கதான் சார் செஞ்சோம்" என்றாள் அவள், சட்டையைத் திருப்பியபடியே.

"என் லைன்லயா? நான் இருக்கும்போதா? ஒரு செகண்ட் குறையல! காதுல பூ சுத்தறதுக்கு வேற ஆளப் பாரு. கேட்டத் தாண்டி எவனோ கொண்டாந்து போட்டிருக்கான்." விடுவிடுவென்று மாடிக்குப் போய் ஆபீசரிடம் அப்படியே சொல்லி, அவரையும் அழைத்துவந்தார்.

ஆபீசர் நாற்காலியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"எழுந்திரும்மா."

"மாட்டேன் சார்."

மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"என்ன சொன்ன?"

"மாட்டேன்னு சொன்னேன் சார். நான் நின்னா உள்ள இருக்கறது அசைய மாட்டேங்குது. சீட்டு கொண்டாந்தேன், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடல. உங்க கையெழுத்து வர்ற வரைக்கும் இது உள்ள காத்துக்கிட்டு இருக்காது. நாற்காலி வேணும்னா என்னையும் சேத்துத் தூக்கிக்கிட்டுப் போங்க. நான் இப்ப லேசு இல்ல, நாலு ஆள் கூட்டிட்டு வாங்க."

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

"யார் செஞ்சது இத?" ஆபீசர் லைனைப் பார்த்துக் கத்தினார். "செஞ்சவ எழுந்து நில்லு!"

காலர் அக்கா எழுந்தாள். "நான் காலர் மட்டும்தான் சார் வெச்சேன்."

"நாற்காலிக்கு எதுக்கும்மா காலர்?"

"கைப்பழக்கம் சார்."

"நான் ரெண்டு பட்டன்" என்று பட்டன்காரி எழுந்தாள். "நான் நாடா இறுக்கினேன்." "நான் ஒரு உறை." "நானும் ஒரு உறை." ஒருத்தி விடாமல் முப்பத்து மூன்று பேரும் நின்றார்கள்.

"அப்ப நாற்காலியச் செஞ்சது யாரு?"

"யாரும் செய்யல சார்" என்றாள் காலர் அக்கா. "இங்க யாரும் எதையும் முழுசா செய்யறதில்லையே."

ஆபீசரின் முகம் டையின் நிறத்துக்கு வந்தது. "வேலை நேரத்துல, சூப்பர்வைசர் கண்ணு முன்னாடி, உற்பத்தி குறையாம நாற்காலி கட்டினீங்களா? எந்த மடையன் நம்புவான்? இது வெளியிலேருந்து வந்த சாமான். அனுமதியில்லாம கொண்டாந்தவ இவதான். இன்னிக்கே அட்டை ரத்து." அவர் ஸ்டாப்வாட்ச் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதிக் குடுங்க. வெளியிலேருந்து வந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கடைசி மேசைக்காரி சட்டையைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு ஸ்டாப்வாட்சையே பார்த்தாள்.

அவர் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அந்த மூன்று நாளும் ஐநூற்று அறுபது, ஐநூற்று அறுபத்தொன்று, ஐநூற்று அறுபது. மூடினார். நாற்காலியின் பின்னால் போய்க் காலரை விரித்து, லேபிளைப் படித்தார். இரட்டைத் தையல், அங்குலத்துக்குப் பன்னிரண்டு. அவரே அடித்து அடித்துக் கற்றுக்கொடுத்தது. காலரை மடித்து விட்டபின்னும் கையை எடுக்கவில்லை. இடது காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, உடம்புப் பாரத்தை நாற்காலி முதுகில் சாய்த்தார். ஏறியிருந்த பேண்ட் ஓரத்தில் கெண்டைக்கால் நரம்புகள் நீல நூல்கண்டுபோல் முடிச்சுமுடிச்சாகப் புடைத்திருந்தன. ஒன்பது வருடமாக அந்த லைனில் அவரும் உட்கார்ந்ததில்லை.

"எழுதுங்க" என்றார் ஆபீசர்.

"வெளியிலேருந்து வரல சார்." குரல் வெளியே வர அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நேரம் பிடித்தது. "இங்கதான் செஞ்சாங்க. மூணு நாளு. நான் சபாஷ் சொல்லிக்கிட்டு, பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கேன்."