கால் நனைக்கத் தோதான கடல்

கடிதம் வாசிக்கப்பட்டபோது வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். மச்சான் அபூதாஹிர் சாய்மனைக் கதிரையில், ஜும்மாவுக்குப் போட்ட சேட்டைக் கழற்றாமல் கிடந்தார். அவர் மனைவி, என் மூத்த சகோதரி றுக்கியா ராத்தா, குசினி வாசல்படியில் முருங்கையிலைச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மச்சானின் தங்கச்சி சுபைதா கட்டிலின் கால்மாட்டில். நான் தையல் மெசினை மூடி அதையே மேசையாக்கி, வாங்குப் பலகையில். ராத்தாவின் மூத்த மகள் றம்ஸியா, கல்யாணம் பேசி முடித்திருந்த பிள்ளை, அறைச் சீலைக்குப் பின்னால் நின்றாள்.

இந்த வீட்டுக் கடிதங்களை எழுதுபவன் நான்தான்; வந்த கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டாமல் பதில் எழுத நான் உட்காருவதில்லை. கண்டிப் பக்கத்து அகுறணையிலிருந்து மாப்பிள்ளையின் வாப்பா கலீலுர் றஹ்மான் எழுதியிருந்தார். ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் வான் பிடித்துக் குடும்பமாகத் திருகோணமலைக்கு வருகிறார்களாம். இரண்டு குடும்பமும் ஒரு நாள் கடற்கரையில் சேர்ந்திருந்து சாப்பிட வேண்டுமாம். ‘எங்கள் வீட்டுப் பெண்களில் பலர் கடலைக் கண்டதில்லை. ஆகவே பெண்கள் எல்லோரும் கால் நனைக்கத் தோதான கடற்கரையாகத் தாங்களே தெரிவு செய்து எழுதவும்.’

சுபைதா நிமிர்ந்தாள். “அந்த இடத்தத் திரும்ப வாசி, ஜெமீல்.”

வாசித்தேன்.

“சம்பந்தக்காரர் கை நனைக்க எண்டுதானே எழுதுவாங்க. இதென்னகா, கால் நனைக்க?”

கை நனைப்பது அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றே நடந்துவிட்டது. வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். “மலைநாட்டு ஆக்கள், கடலெண்டா காலைத்தானே வைப்பாங்க” என்று சொல்லிப் பார்த்தேன். என் குரலை நானே நம்பவில்லை.

றம்ஸியா சிறு பிள்ளையாக இருந்தபோது நெல் அவித்த கிடாரம் சரிந்து, அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. நடையில் குறையில்லை. தோல்தான் கசக்கி விரித்த கடதாசிபோல் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. கேட்காததை ஏன் சொல்ல வேண்டும் என்று ராத்தா அப்போது கேட்டாள், எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது. இந்த மாப்பிள்ளைக்கு அகுறணையில் கடை இருந்தது. அதனால் இவள்தான் போகவேண்டும், தெரியாத ஊருக்கு, தெரியாத மாமிக்குக் கீழே.

ராத்தா சுளகைக் கீழே வைத்தாள். “மச்சி, நோம்புக்கு முதல் கண்டிக் கலியாணம் ஒண்டுக்குப் போனீங்களே. அகுறணை ஆக்களும் அங்க வந்திருப்பாங்க.”

“அல்லாட காவல்! நான் புரியாணி திண்ணப் போனனா, புள்ளட கால வித்துட்டு வரப் போனனா?” சுபைதாவின் முகம் சிவந்தது. “சம்பந்தம் பேசிக்கொண்டு வந்த நஜ்முன் நிஸாவப் போய்க் கேளுங்க. ஒரு வாய் வெத்திலைக்கு ஊரையே சொல்லிப்போடுவா.”

“கடிதம் எழுதுறவனும் இரிக்கான்” என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமலே.

பகிடிக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் நான் இதுவரை எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

வெளியூரார் வந்தால் நிலாவெளிக்குக் கூட்டிப்போவதுதான் எங்கள் வழக்கம். கச்சான் எனும் மேல்காற்று வீசும் காலத்தில் அங்கே கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல் கிடக்கும். எட்டிப் போனாலும் முழங்காலைத் தாண்டாது. இப்போது அதுவே பயமாகிவிட்டது. முழங்கால் தண்ணீரில் எந்தப் பெண் உடுத்ததைத் தூக்காமல் நிற்பாள்?

“ஹோட்டல் வந்த பொறகு வெள்ளைக்காரிகள் அங்க அரைகுறையாக் கிடக்கிறாளுகளாம். சம்பந்தி ஹாஜியாருக்கு ஒத்துவராதெண்டு எழுது” என்றாள் ராத்தா.

“மறுகா எங்க? டச்பே கடற்கரையா?” என்று கேட்டேன்.

“அங்கயும் இறங்கலாமே” என்றாள் ராத்தா.

“ஆளை இழுக்கும் எண்டு எழுதட்டும்” என்றாள் சுபைதா.

“இழுக்கிற கடலுக்கு எங்களை ஏன் கூப்பிடுறீங்க எண்டு கேக்க மாட்டாங்களா?” என்று ராத்தா மறித்தாள்.

மீன்பிடி ஊரான சல்லிக்குப் போனால் கரைவலை இழுக்கிற ஆண்கள் நிற்பார்கள், பெண்கள் தண்ணீர்ப் பக்கம் போகமாட்டார்கள் என்று நான் சொன்னேன். வலை ஏறினதும் ஆண்கள் மீனோடு போய்விடுவார்கள், பிறகு கரை வெறிச்சோடிக் கிடக்கும் என்றாள் ராத்தா. கடைசியில் உள்துறைமுகக் கரைக்கு வந்து நின்றோம். சேறு, கப்பல் எண்ணெய், அழுகின கயிறு. ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள்.

மச்சான் கண்ணைத் திறந்தார். “எங்கெங்கயோ இருந்தெல்லாம் இந்தக் கடலப் பாக்க வாறாங்க. நாம அதில நாறுற மூலையைத் தேடுறம்.”

பொய் எழுதாமல் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. ‘உள்துறைமுகக் கரை அமைதியானது. நல்ல நிழல். வான் நிறுத்த வசதி உண்டு’ என்று எழுதினேன். சேற்றைப் பற்றி அவர்கள் கேட்டிருக்கவில்லைதானே.

சீலை விலகியது. “வாசிங்க, மாமா” என்றாள் றம்ஸியா.

வாசித்தேன். அவள் மெசினருகில் வந்து நின்றாள். “அந்த எண்ணெய் கால்ல பட்டா மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவணும். கடலைக் காணாத மனிசருக்கு இதையா காட்டப் போறீங்க?”

“உனக்காகத்தான்டி” என்றாள் ராத்தா.

“நிலாவெளி எண்டு எழுதுங்க.”

“உனக்குப் பைத்தியமா? கண்டுட்டு வேணாமெண்டு போயிட்டாங்க எண்டா?”

“போகட்டும் உம்மா. இப்ப கண்டா அவங்கதான் திரும்பிப் போவாங்க. நிக்காஹ் முடிஞ்சு கண்டா, நான்தான் திரும்பி வரணும்.”

ராத்தா சுளகை எடுத்து மறுபடி மடியில் வைத்தாள். சுபைதா கட்டில் விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். மச்சான் மகள் பக்கம் திரும்பினார். கதிரையில் எழும்பி நேராக உட்கார்ந்தார்.

“எழுது” என்றார் என்னிடம்.

முதல் தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் வலது மூலையில் ஊரும் திகதியும் இட்டு, சலாம் எழுதி, சுகம் விசாரித்து, விஷயத்துக்கு வந்தேன். றம்ஸியா என் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டே நின்றாள்.

“‘பெண்கள் எல்லோரும்’ எண்டு அவங்க எழுதின மாதிரியே போடுங்க. எல்லோரும் எண்டதை விட்டுராதீங்க.”

‘நிலாவெளிக் கடல் பெண்கள் எல்லோரும் கால் நனைக்கத் தோதானது. எங்கள் பெண்களும் இறங்குவார்கள்.’ இரண்டாவது வசனம் நானாகச் சேர்த்தது. அவள் தலையாட்டினாள்.

உறையின் பசை உப்புக்காற்றில் கெட்டுப்போயிருந்தது. அவளே குசினியிலிருந்து சோற்றுப் பருக்கை கொண்டுவந்து நசித்து ஒட்டினாள். கடிதத்துக்குக் கை நீட்டினேன். அந்த நேரம் ராத்தா, போடாதே என்பதுபோல் எனக்குக் கண் காட்டினாள். றம்ஸியா அதைக் கண்டாள், கடிதத்தைத் தரவில்லை.

“நானும் வாறன், மாமா.”

“தபால்பெட்டிக்குப் போக எனக்கு வழி தெரியாதா?”

“உங்களுக்கு எல்லா வழியும் தெரியும். அதுதான் வாறன்.”

முக்காட்டை இழுத்துவிட்டு முன்னால் நடந்தாள். பின்னால் வேலியடியில் ராத்தாவும் சுபைதாவும் ஒருவரையொருவர் பாராமல் நின்றார்கள். சந்தியில் தபால்பெட்டியின் வாயில் கடிதத்தை வைத்து, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டுத் தள்ளினாள். கையை எடுத்த பிறகும் போகவில்லை. குனிந்து அந்த இடுக்குக்குள் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் பெட்டியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே ஏதோ சரிந்து கீழே போனது.