ஜூன் முதல் தேதிக் கணக்கு

வெர்லீன் கொதித்துப்போய் ஓரினுக்குப் போன் போட்டாள். நெப்ராஸ்காவில் அவர்கள் மாவட்டத்துப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைக் கணினியில் ஏற்றும் அவளைப் போன்ற தன்னார்வலர்களுக்கு அவன்தான் தலைவன்.

"1900-ல கணக்கெடுக்க வந்தவன் குடிச்சிட்டு வந்தானா? செத்த குழந்தைய உயிரோட எழுதி வச்சிருக்கான். ஹெஸ்டர், மூணு வயசு. ஜூன் ஒம்போதாம் தேதி செத்துப்போச்சுன்னு கல்லறைக் கல்லுல நானே படிச்சிருக்கேன். இவன் வந்தது இருபத்திரெண்டாம் தேதி!"

"கத்தாத தாயே. ஜூன் ஒண்ணாம் தேதி யார் யார் உயிரோட இருந்தாங்களோ அவங்களத்தான் எழுதணும்னு அப்ப விதி. அவன் சரியாத்தான் எழுதியிருக்கான். நீ இருக்கறத இருக்கறபடியே தட்டு."

வெர்லீன் திரையைப் பார்த்தாள். பெற்ற பிள்ளைகள் நாலு, உயிரோடு இருப்பவர்கள் நாலு. பதிமூன்று நாள் முன்பு புதைத்த பிள்ளைக்கு, அந்தத் தாய் வாசலில் நின்று வயது சொல்லியிருக்கிறாள்.

"இப்பவும் அப்படித்தானா?"

"இப்ப ஜூனுக்குப் பதிலா ஏப்ரல் ஒண்ணாம் தேதிக் கணக்கு. வேற ஒண்ணும் மாறல."

போனை வைத்தாள். அவள் கணவன் டுவைட் 2020 ஏப்ரல் பதினொன்றாம் தேதி செத்துப்போனான். அந்த வருடக் கணக்கெடுப்புப் படிவத்தை அவள் மே மாதம்தான் நிரப்பினாள். ஏப்ரல் ஒன்று என்று மேலே போட்டிருந்த தேதியை யார் படித்தார்கள்? வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

கணக்கெடுத்து எழுபத்திரண்டு வருடம் கழித்துத்தான் வெளியிட வேண்டும் என்பது சட்டம்; அப்போது அந்தத் தாள் வெளியே வரும். யாரோ ஒருவர் இருக்கிறதை இருக்கிறபடியே தட்டுவார்.