ஹவுழில் பதினான்கு தாய்மார்

அர்கம் அனுப்பிய படத்தில் முக்கியமானது டைல்தான். "இந்த நீலம் நல்லமா, அந்தப் பச்சை நல்லமா?" என்று வீட்டாரின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டு, பள்ளிவாசல் ஹவுழின் விளிம்பில் இரண்டு டைல்களைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்திருந்தான். ஹவுழ் என்பது தொழ வருகிறவர்கள் கை, கால், முகம் கழுவி வுழூச் செய்யும் பெரிய தண்ணீர்த் தொட்டி. அதை உடைத்துவிட்டு வரிசையாக பைப் பூட்டுவதென்று நிர்வாக சபை முடிவெடுத்திருந்தது. சபையின் செயலாளர் அர்கம். அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவனுக்கு டைல் தேர்வது ஒரு வேலையா? ஆனாலும் எதற்கும் தங்கச்சியைக் கேட்காமல் அவனுக்கு இருப்புக் கொள்ளாது.

தங்கச்சி ஆஸிகா பேராதனையில், ஆய்வுகூடத்துப் பக்கத்து அறையில், சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி படத்தைப் பார்த்தாள். டைல் அவள் கண்ணில் படவேயில்லை. பச்சை டைலுக்குப் பின்னால், தண்ணீரில் மங்கலாக, விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன். விலாவில் இரண்டு கரும்பொட்டு, வாலடியில் சிவப்பு. சோறு அப்படியே கிடந்து காய்ந்தது.

அந்த மீனை அவள் தேடத் தொடங்கி ஏழு வருடம். இரட்டைப் பொட்டன் என்ற அந்தக் கெண்டை, அலவத்துகொடைப் பக்கம் ஓடும் ஓர் ஓயாவையும் அந்தச் சிற்றாற்றின் கிளைகளையும் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. இருபது வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தில், யாரோ வளர்த்த அலங்கார மீன்கள் ஓயாவில் விழுந்து பொட்டனோடு கலந்துவிட்டன. ஆஸிகா சல்லடை போட்டுத் தேடாத மடு இல்லை. பிடித்த ஒவ்வொன்றின் வால் நுனியிலும் அரிசிமணி அளவு கத்தரித்து மரபணுவைப் பார்த்தாள். எல்லாம் கலப்பு. சுத்தமான பொட்டனை அவள் கண்டது ஒரு போத்தலுக்குள் மட்டும்தான். அறுபது வருடத்துக்கு முன் எவரோ பிடித்து ஸ்பிரிட்டில் போட்ட, பொட்டும் சிவப்பும் போய் வெளிறிய ஒன்று.

இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத சங்கதி என்னவென்றால், ஹவுழ் அவள் பிறந்த வீட்டிலிருந்து நாற்பது எட்டுத் தூரம்தான். ஆனால் அது ஆண்கள் பக்கம். முப்பத்தாறு வயதுவரை அவள் அதை எட்டிப் பார்த்ததில்லை. அவளுடைய நானா அர்கமோ நாளைக்கு ஐந்து தடவை அந்த மீன்களுக்கு நடுவே கை கழுவியவன். வலையும் வாளியும் ஏற்றிக்கொண்டு அவளை ஓயாக் கரைக்கெல்லாம் கூட்டிப்போனவனும் அவன்தான். போத்தல் மீனின் படத்தை அவனுக்குக் காட்டியிருக்கிறாள். அந்த வெளிறிய சவத்துக்கும் ஹவுழ் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அவள் உடனே அழைத்தாள்.

"நானா, ஹவுழ எப்ப ஒடைக்கிற?"

"வார ஞாயிறு. ஏன்?"

"அதுல ஈக்கிற மீனெல்லாம்?"

"வாளில அள்ளி ஓயால விடச் சென்னீக்கி. அதுகளும் பாவம்தானே."

"விட வாணாம் நானா. ஒண்டக்கூட விட வாணாம்."

அந்த நல்ல மனசுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. ஓயாவில் விட்டால் ஒரு வருடத்தில் எல்லாம் கலந்து, பொட்டன் என்ற இனமே இல்லாமல் போயிருக்கும்.

சபைத் தலைவர் ஹபீல் ஹாஜியார் கறாரான மனிதர். பைப் வாங்கியாகிவிட்டது, கொத்துவேலை பாஸும் வந்தாகிவிட்டார் என்று முதலில் முகத்தைச் சுளித்தார். அர்கம் கையைக் காலைப் பிடித்து மூன்று கிழமை தவணை வாங்கினான். அதற்குள் ஆஸிகா ஒரு கேள்விக்கு விடை காணவேண்டும். மலையிலிருந்த மீன் இனப்பெருக்க நிலையம் இவற்றை ஏற்கத் தயார்தான். ஆனால் எல்லாம் ஒரே குடும்பத்து மீன்கள் என்றால் சந்ததி நொந்து நொந்து அழிந்துபோகும், அதற்குத் தொட்டி ஒதுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. சபையின் பழைய பதிவுப் புத்தகத்தில் ஒரே வரி இருந்தது: ஹவுழ் கட்டிய வருடம், 1958இல், மீன் ஆறு விடப்பட்டது. ஆறே ஆறு. அதைப் படித்ததும் ஆஸிகாவுக்கு நெஞ்சு விட்டுப்போனது. ஏழு வருடம் தேடியது கிடைத்தும் பயனில்லாமல் போகப்போகிறது என்றே நினைத்தாள்.

சுபஹுத் தொழுகைக்கும் ளுஹர் தொழுகைக்கும் நடுவில், பள்ளிவாசல் வெறிச்சென்றிருக்கும் காலை ஒன்பது மணிக்கு, அவளை உள்ளே விட்டார்கள். அர்கம் வாசலில் காவல் நின்றான். வெயில் கூரை இடுக்கால் இறங்கித் தண்ணீரில் விழுந்திருந்தது. ஒரு மீனும் தெரியவில்லை. ஓயாவில் பழகிய பழக்கத்தில் அவள் மூச்சை அடக்கி, நிழல் விழாமல் பதுங்கிப் பதுங்கிப் போனாள். பிறகு வலையை நனைக்கக் கையைத் தண்ணீரில் வைத்தாள்.

எல்லாம் வந்தன. மூலையிலிருந்தும் அடியிலிருந்தும் பொட்டும் சிவப்புமாக நூற்றுக்கணக்கில் வந்து அவள் விரல்களை மொய்த்தன. ஓயா மீன் ஆள் நிழலைக் கண்டாலே ஓடும். இவை நாளைக்கு ஐந்து வேளை கைகளைக் கண்டு வளர்ந்தவை, கைக்குப் பயப்படத் தெரியாதவை. செத்த ஒன்றைப் பார்த்தே ஏழு வருடம் ஓட்டியவள் அப்படியே குந்தியிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் அவை போய்விடுமே என்று எடுக்காமல் இருந்தாள்.

நாற்பது மீன்களின் வால் நுனி ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கே நிரஞ்சனி இருந்தாள், வத்தேகமயிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஆய்வுகூட உதவியாளர். அவள் கை வேலையில் பிசகு வந்ததாகச் சரித்திரம் இல்லை. கலப்பே இல்லை, சுத்தமான பொட்டன் என்ற முடிவு முதலில் வந்தது. அடுத்தது தாய்வழிக் கணக்கு. தாயிடமிருந்து மட்டும் குஞ்சுக்கு இறங்கும் ஒரு மரபணுப் பகுதி உண்டு, தகப்பன் மீனுக்கு அதில் பங்கில்லை. அதைப் பார்த்தால் இந்தக் கூட்டம் எத்தனை தாய்களிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். ஆறு மீன் விட்ட இடத்தில் ஆறுக்கு மேல் வர வழியே இல்லை.

"மிஸ், பதினாலு வருது," என்றாள் நிரஞ்சனி.

"மாதிரிக் குழாய் மாறியிருக்கும். ஓயா மீனோட கலந்திருக்கும்."

"நான் மாத்தல மிஸ். வேணும்னா முதல்ல இருந்து போடுறேன்."

முதலிலிருந்து போட்டாள். மறுபடியும் பதினான்கு. காரணம் தெரியாத கணக்கை நிலையம் ஏற்காது என்பது இருவருக்கும் தெரியும்.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆஸிகா ஊருக்கு வந்தாள். அவளுடைய தாய் ஆஸியா உம்மா குசினியில் கதிரையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, ஹவுழ்ல ஆறு மீன்தானே விட்ட?"

"ஆரு சென்ன?"

"பதிவுப் பொத்தகத்துல ஈக்குது."

"அது ஆம்புளயள் எழுதின பொத்தகம்." உம்மா காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புள்ளைக்கி காய்ச்சல் கடுமையாகினா, சொகமானா ஹவுழுக்கு ஒரு மீன் விடுறேனெண்டு உம்மாமார் நேர்ச்ச வெப்போம். நாங்க உள்ளுக்கு போக ஏலாதே. வாப்பாமார் ஓயால புடிச்சி வருவாங்க, நாங்க பாத்து குடுத்தனுப்புற. பொறகு வந்த மௌலவி இதெல்லாம் வாணாமெண்டார். அந்தப் பெரிய வெள்ளத்துக்கு முந்தியே விட்டுட்டோம்."

ஆஸிகா கதிரையின் பக்கத்தில் குந்தினாள். "எந்த மீனும் விடலாமா?"

"எந்த மீனுமா? வகுறு பெருத்த, முட்ட ஈக்கிற மீன். உம்மா வெச்ச நேர்ச்சக்கி உம்மா மீன்தான் விடணும். ஆண் மீன் விட்டா அது நேர்ச்சையில்ல."

பதினான்கு. நேர்ச்சைக்கு விட்டதெல்லாம் பெண் மீன், ஒவ்வொன்றும் புதிதாய் ஒரு தாய்வழி. எந்தப் புத்தகத்திலும் ஏறாத கணக்கை மீன்கள் தங்கள் உடம்பில் வைத்திருந்தன. ஹவுழைக் கண்ணாலும் காணாத பெண்கள், பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில், ஓர் இனத்தையே அதற்குள் அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

"நீங்களும் விட்டீங்களா உம்மா?"

"ஒனக்குத்தான். மூணு வயசுல. டொக்டரே கைய விரிச்சிட்டார். ஏழாம் நாள் கண் முழிச்சி தண்ணி கேட்டாய். வாப்பா அந்தியில போய் ஒரு மீனக் கோப்பைல கொண்டு வந்தார். நான் பாத்து, சரி, இது உம்மாதானெண்டு சென்னேன்."

"ஒருநாளும் எனக்கிட்ட செல்லல்லியே."

"நீ கேக்கல்லியே மகள். நீ காடெல்லாம் தேடித் திரிஞ்சது எங்கட ஹவுழ் மீனத்தானெண்டு எனக்கு என்ன தெரியும்?"

அன்றே ஆஸிகா இதைச் சபையில் சொன்னாள். ஹபீல் ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். தன் மூத்த மகனுக்கு வந்த காய்ச்சல் அவருக்கு நினைவு வந்துவிட்டது. அவனுக்காக ஓயாவில் இறங்கியதும் அவர்தான். சபைக்கு அது மறந்தே போயிருந்தது, பெண்களுக்கு மறக்கவில்லை. பைப்பை வெளிச்சுவரில் பூட்டலாம், ஹவுழ் அப்படியே இருக்கட்டும் என்று அவரே முடிவைச் சொன்னார். நிலையமும் காரணத்தைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாய்வழியிலும் ஐந்தைந்து மீன் கேட்டது. அர்கமின் நீல டைல் வெளிச்சுவருக்குப் போனது.

ஆனால் அதற்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. எங்கள் மீன் இருக்கிறதா என்று கேட்டுப் பெண்கள் பள்ளிவாசல் கேட்டடியில் வந்து நின்றார்கள். ஹாஜியாரின் மனைவிதான் முதல் ஆள். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு மணித்தியாலத்துக்கு, சபை அவர்களுக்காகக் கதவைத் திறந்தது.

எல்லோரும் தயங்கி நிற்க, ஆஸியா உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் குந்தினார். ஆஸிகா அவருடைய கையைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தாள். அவர் கோப்பையில் பார்த்த மீன் செத்து முப்பது வருடம் இருக்கும். அதன் மகளின் மகளின் மகள்கள் எவை என்று ஆய்வுகூடக் குழாய் எண்ணைப் பார்த்தாலும் ஆஸிகாவால்கூடச் சொல்ல முடியாது. எல்லாம் வந்து அந்தச் சுருங்கிய விரல்களை மொய்த்தன.

உம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"நான் ஒராளத்தானே அனுப்பினேன். இவ்வளவு பேரா?"