அடைக்கலப்பட்டணத்தின் சாவி

தம்பியைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. சாவிக்காரருக்கு யார் கழுத்தையாவது நெரிக்க வேண்டும் போலிருந்தது. கிறிஸ்தவ சபையின் சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியதால் அந்தப் பெயர். மாலையில் அவர் சபைக் கட்டடத்தின் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தபோது, தம்பியைக் கொன்ற கிரேன்காரன் கையில் ஒரு பையோடு உள்ளே ஓடிவந்தான். சாவிக்காரர் யோசிக்காமலே கதவைப் பூட்டினார்.

கொன்றவன் என்று சொல்வதும் தப்புதான். கிடங்கில் கம்பிவடம் அறுந்து இரும்புச் சுமை விழுந்தது, கீழே தம்பி நின்றான். ஆனால் விசையை இழுத்த கை இவனுடையதாயிற்றே! அதற்கு முந்தின வாரம்வரை தம்பியும் இவனும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து வேதபாடம் கேட்டவர்கள்.

அந்தப் பாடம்தான் வினையாகிவிட்டது. பழைய எபிரேயக் கோத்திரங்களைப் பற்றிப் பாஸ்டர் பிரமாதமாகப் பேசிவந்தார். மரம் வெட்டும்போது கோடரி காம்பிலிருந்து கழன்று அடுத்தவன் செத்தால், வெட்டியவன் அடைக்கலப்பட்டணத்துக்கு ஓடுவான். செத்தவனின் ரத்த உறவுக்காரன் பழிவாங்கத் துரத்துவான். வாசலில் மூப்பர்கள் வழக்கைக் கேட்டு உள்ளே சேர்த்துக்கொண்டால், அப்புறம் தொடக்கூடாது. வெளியே கால் வைத்தால் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை. தலைமைப் பூசாரியான பிரதான ஆசாரியன் செத்தபிறகுதான் வீடு திரும்பலாம். இன்றைய விசுவாசிக்குச் சபைதான் அந்தப் பட்டணம் என்று மேசையைத் தட்டிச் சொன்னார் பாஸ்டர். கிரேன்காரன் அதை அப்படியே நம்பிவிட்டான், பாவி.

"வெளிய நிக்கிறாங்கண்ணே," என்றான் மூச்சு வாங்க.

"அண்ணேன்னு கூப்பிடாத."

ஜன்னல் வழியே பார்த்தார். சித்தப்பா மகன்கள் மூன்று பேரும் கேட்டருகே நின்றார்கள், ஒருவன் கையில் இரும்புக் கம்பி. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். அவர் சதையும் ஆடியது.

பாஸ்டர் தன் அறையிலிருந்து வந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னேங்க. அடிச்சா வந்து சொல்லுன்னாங்க."

"நான் சொன்னது ஆவிக்குரிய அர்த்தம்பா. இங்க வந்து படுத்துக்கன்னு சொல்லல. சபைக் கமிட்டி என்னைத்தான் கேக்கும். ஜெபம் பண்ணி அனுப்புறேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது எல்லா மதத்துக்கும் பொருந்தும் போல. பாஸ்டர் அவன் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுச் சாவிக்காரரிடம், "பிரதர், கதவைத் திறந்து விடுங்க," என்றார்.

சாவியைத் திருகினால் போதும், கை அழுக்காகாமல் பழி தீர்ந்துவிடும். பழம் நழுவிப் பாலில் விழுகிறது. ஆனால் சாவதற்குச் சில நாள் முன்பு, சாப்பிடும்போது தம்பி சொன்னது தொண்டையில் முள்ளாக நின்றது. 'வடம் தேஞ்சுபோச்சுன்னு அவன் ஆபீஸ்ல சொல்லிட்டாண்ணே. இந்த மாசம் ஓட்டுங்கறாங்க.' இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெறுப்பதற்கு ஆளில்லாமல் போய்விடும். ஆபீசை யார் போய்க் கம்பியால் அடிப்பது?

கதவைத் திறந்தார். "என் பின்னாடியே வா. வாயத் தொறக்காத."

கேட்டில் கம்பி வைத்திருந்தவன், "நகருங்கண்ணே," என்றான்.

"இவன் மேல தப்பில்லடா. வடம் தேஞ்சிருந்துது. இவன் சொல்லியும் மாத்தல. தம்பியே எங்கிட்ட சொன்னான்."

"அப்ப ஏன் இத்தன நாள் சொல்லல?"

"இவன எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், கம்பியக் குடு," என்று சாவிக்காரர் கையை நீட்டினார். அவன் முறைத்துக்கொண்டே கம்பியைக் கொடுத்தான்.

"உங்க முகத்துக்காக இன்னிக்கு விடுறோம். உங்க வீட்ட விட்டு வெளிய வரட்டும், பாத்துக்கறோம்."

வீட்டில் அம்மா கதவைத் திறந்தாள். வந்தவனைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய் அழுதாள். சாவிக்காரர் தம்பியின் கட்டிலைக் காட்டினார்.

"எத்தன நாளைக்குங்க?" என்று கேட்டான் கிரேன்காரன்.

"அந்தக் காலத்துல பிரதான ஆசாரியன் சாகற வரைக்கும். நம்ம பாஸ்டருக்கு இன்னும் நாப்பது ஆகல."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சாவிக்காரர் கதவைப் பூட்டி, நாற்காலியை வாசலில் போட்டு, கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் அவன் புரளும்போதெல்லாம் கட்டில் கிரீச்சிட்டது, தம்பி புரளும்போது கேட்கும் அதே சத்தம். ஒவ்வொரு முறையும் கம்பியில் அவர் பிடி இறுகியது. அது வெளியே இருப்பவர்களுக்கா, உள்ளே படுத்திருப்பவனுக்கா என்று அவருக்கே நிச்சயமில்லை. அதனால் முகத்தைத் தெருப்பக்கமே வைத்திருந்தார்.