கண்ணாடியில் விழுந்த வெளுப்பு

சில்வெஸ்டர் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு காமிரா இருந்தது. ஓர் ஆள் உள்ளே சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு பெரியது. படங்களை அச்சடிக்கத் தகடு செய்வதற்கான காமிரா அது. அதன் முன்னால் அவன் இத்தனை வருஷமாக நிறுத்தியதெல்லாம் காகிதம்தான்: ஜில்லா வரைபடம், ஜெபப் புத்தகத்து இறக்கை வைத்த சம்மனசு, சோப்பு விளம்பரம். உயிருள்ள ஒரு முகத்தை அவன் படம் பிடித்ததே இல்லை.

அந்தக் குறை அவனுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. 1934-ம் வருஷம் கண்டோன்மென்டிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு கர்னலின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, தேக்கு மரத்தில் செய்த பழைய காமிரா ஒன்றை யாரும் சீந்தவில்லை. மடிப்புத் தோல் துருத்தியில் எலி கடித்த ஓட்டைகள். பித்தளை லென்ஸில் மட்டும் ஒரு கீறல் இல்லை. சில்வெஸ்டர் அதை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு அல்சூருக்கு நடந்தே வந்து சேர்ந்தான்.

"இதுக்கு பிலிம் எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள் மௌரீன், அவன் தங்கை.

"பிலிமே வேண்டாம். கண்ணாடிதான். நானே மருந்து பூசிக்குவேன்."

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். சில்வெஸ்டரின் மனைவி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொள்வதிலேயே மௌரீனுக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது. கான்வென்ட் பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்கு அவள் டீச்சர். அந்த வருஷம்தான் ஒருவழியாக அவளுக்கு இடம் அமைந்திருந்தது. மாப்பிள்ளை டென்சில் தந்தி ஆபீசில் வேலை. குந்தக்கல்லுக்கு மாற்றலாகிப் போயிருந்தான். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க நாளும் குறித்தாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் மௌரீனின் படம் ஒன்று வேண்டும் என்று டென்சில் கேட்டிருந்தான்.

"ஸ்டுடியோவுக்கு எதுக்குப் போகணும்? நான் எடுக்கறேன்," என்றான் சில்வெஸ்டர்.

அது அவசரத்தில் முடிகிற வேலை இல்லை. பாகுபோல இருக்கும் ஒரு திரவத்தைக் கண்ணாடித் தட்டின் மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, வெள்ளி கரைத்த நீரில் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். துருத்தியின் ஓட்டைகளைத் தோல் ஒட்டி அடைத்தான். குளியலறைச் சன்னலில் சிவப்புத் துணி கட்டி அதையே இருட்டறையாக்கினான். அச்சகத்தில் இந்த முறை பழக்கம்தான் என்றாலும் வீட்டு வெயிலுக்கும் பழைய லென்ஸுக்கும் கணக்குப் பிடிபட நாளாயிற்று. முதலில் தண்ணீர்ச் செம்பு, பிறகு கொய்யாமரம், பிறகு கூரை மேல் தூங்கும் பூனை. தட்டுகள் ஒன்று கறுத்தன, ஒன்று உரிந்தன. அவன் விரல் நுனிகள் நிரந்தரமாகக் கறுத்துப் போயின. கடைசியில் கொய்யா இலையின் நரம்புகூடத் தெரிகிற ஒரு தட்டு வந்ததும், கை ஈரத்தோடு சமையலறைக்கு ஓடிவந்து மௌரீனிடம் காட்டினான்.

"சரி, இப்ப நான் உக்காரறேன்," என்றாள் அவள்.

நீல வாயில் புடவை கட்டிக்கொண்டு, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஆடாமல் இருக்கத் தலைக்குப் பின்னால் ஒரு கவைக்கட்டை.

"மூச்சு விடலாமா?"

"பேசாம மூச்சு விடு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அந்த அடக்கிய சிரிப்பு தட்டில் அப்படியே விழுந்தது. கழுவிய கண்ணாடியைக் கறுப்பு வெல்வெட்டின் மேல் வைத்ததும் அவள் உள்ளேயிருந்து எழும்பி வந்தாள். கண், மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி எல்லாம் இருந்தன. இடது கன்னத்தில் மட்டும் ஓர் அரையணா அகலத்துக்கு மங்கிய வெளுப்பு. மடிமேல் கிடந்த இடது முழங்கைக்குக் கீழே இன்னொன்று.

"அண்ணா, மூஞ்சில என்ன சுண்ணாம்பு?"

"வெள்ளித் தண்ணி அழுக்காயிருக்கு. அதான் கறை."

அவன் அப்போது பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தான். வெள்ளி நீரைப் பஞ்சில் வடிகட்டி, சீசாவோடு வெயிலில் வைத்துத் தெளியவிட்டான். அடுத்த ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள்; முடிந்து வந்ததும் மறுபடி உட்காரவைத்தான். வெளுப்பு இருந்தது. திரவத்தைப் புதிதாகக் கலந்தான். இருந்தது. கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான். லென்ஸைக் கழற்றித் துடைத்தான். அப்புறமும் இருந்தது.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. மருந்திலோ லென்ஸிலோ குற்றமென்றால் கறை தட்டில் அதே இடத்தில் விழ வேண்டும். நாற்காலியை ஓரத்துக்குத் தள்ளிப்போட்டு, அவள் முகம் தட்டின் மூலையில் விழும்படி எடுத்தான். கழுவிப் பார்த்தான். அவள் நகர்ந்த பக்கம் வெளுப்பும் நகர்ந்திருந்தது. கன்னத்தில் அதே இடம், கையில் அதே இடம்.

வெளியே வந்து வெயிலில் அவள் கன்னத்தைப் பார்த்தான். மாநிறக் கன்னம், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இந்தப் பழைய மருந்துக்கு மனிதக் கண் மாதிரி நிறம் தெரியாது என்பது அவன் தொழிலில் படித்தது. சிவப்பு அதற்கு இருட்டு, நீலம் வெளிச்சம். தோலின் நிறம் ஓர் இழை குறைந்தாலும், நம் கண்ணுக்கு எட்டும் முன்பே அதற்கு எட்டிவிடும்.

"எப்படி வந்திருக்கு?" என்று கேட்டாள்.

"மறுபடியும் கறைதான். பாழாப்போன தண்ணி."

இந்தத் தடவை அது பொய். இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அது.

அதற்குப் பிறகு அவன் காமிராவைத் தொடவில்லை. தேமலாக இருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அச்சகத்துக்குப் போய்வந்தான். ஆனால் ஒரு சாயங்காலம் வீடு திரும்பியபோது, தட்டுகளையெல்லாம் எடுத்துக் கட்டில்மேல் வெல்வெட்டை விரித்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள் மௌரீன். விளக்கேற்றவில்லை. சன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது.

"எல்லாத்துலயும் ஒரே எடத்துல இருக்கு," என்றாள்.

அவன் தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நிச்சயமாத் தெரியாதும்மா. ஒருவேளை…"

"குண்டூசி வச்சு கையில குத்திப் பார்த்தேன், அண்ணா. முனை எது, கொண்டை எதுன்னு தெரியல. மத்த எடத்துலல்லாம் தெரியுது. அங்க மட்டும் தெரியல." முழங்கைக்குக் கீழே ஒரு சொட்டு ரத்தம் உறைந்திருந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

டாக்டரிடம் போனார்கள். வயதான மனிதர், அவசரப்படாதவர். பஞ்சால் தொட்டுப் பார்த்தார், முழங்கை நரம்பை உருட்டிப் பார்த்தார், காதுமடலில் கீறி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்பினார். முடிவு வந்ததும் சில்வெஸ்டரைத் தனியே கூப்பிட்டார். மௌரீனும் கூடவே எழுந்து போனாள்.

"குஷ்டம்தானே, டாக்டர்?"

"ஆரம்பந்தாம்மா. நீரடிமுத்து எண்ணெய் ஊசி இருக்கு. சில பேருக்குக் கேக்குது."

"மத்த பேருக்கு?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாளே அவள் கான்வென்ட் மதரிடம் போய் உண்மையைச் சொன்னாள். எத்தனை குழந்தைகளை மடியில் வைத்திருக்கிறேன், எல்லோரையும் டாக்டருக்குக் காட்டுங்கள் என்று அவளே கேட்டுக்கொண்டாள். மதர் வெளியே மூச்சு விடவில்லை. ஆனால் பேச்சு முடியும்வரை உட்கார் என்றும் சொல்லவில்லை.

டென்சிலுக்கு மட்டும் சொல்லக்கூடாது என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கினாள்.

"அவனுக்குத் தெரிய வேணாமா? கட்டிக்கப் போறவன்."

"சொன்னா, பரவாயில்ல, கட்டிக்கறேன்னு வந்து நிப்பாரு. அவரு அந்த மாதிரி ஆளு. அப்ப வேணாம்னு சொல்ற தெம்பு எனக்கு இருக்காது. விட்டுடு, அண்ணா."

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. டென்சில் ரயிலேறி வந்தான். மௌரீன் உள் அறையில் தாழ் போட்டுக்கொண்டாள். கல்யாணத்தில் இஷ்டமில்லை என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். அவன் நம்பவில்லை. அடுத்த நாள் காலையில், பூசை முடிந்து சனங்கள் வெளியே வரும்போது, கோயில் வாசலில் சில்வெஸ்டரை மடக்கினான்.

"ஒனக்குச் சோறாக்கிப் போட ஆள் வேணும். அதுக்குத் தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்துட்டே. நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில்வெஸ்டருக்கு நாக்கு நுனிவரை வார்த்தை வந்தது. விழுங்கினான்.

"வாயத் தொறந்து ஏதாவது சொல்லேன்யா!" டென்சிலின் குரல் உடைந்துவிட்டது. அழுதுகொண்டே போனான். அன்றிலிருந்து கோயிலில் சில்வெஸ்டர் உட்காரும் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. தங்கையை வீட்டோடு வைத்துக்கொண்டவன் என்ற பேர் நிலைத்துவிட்டது. பிறகு தங்கையும் காணாமற்போனதும் ஊர் வாய் இன்னும் மோசமாகப் பேசியது.

அவள் போனது ஊருக்கு மேற்கே, மாந்தோப்பு நடுவில் இருந்த நோயாளிகள் விடுதிக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம். வராந்தாவில் இரண்டு பெஞ்சு, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடைவெளி. பெண்கள் பகுதியில் மௌரீன்தான் சுத்தம் பார்ப்பவள், கடிதம் படித்துச் சொல்பவள். வாரம் தவறாமல் ஊசி. போட்ட இடம் கட்டிக்கொண்டு எரியும் என்பாள்; அதற்கு மேல் முறையிட மாட்டாள்.

தட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட விடுதி டாக்டர், அந்தக் காமிராவைக் கொண்டுவரச் சொன்னார். ஊசி வேலை செய்கிறதா என்று அதில் முன்கூட்டியே தெரியுமல்லவா? சில்வெஸ்டர் குதிரைவண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனான். மாமரத்தடியில் கறுப்புத் துணிக் கூடாரம் அடித்து, தங்கையைப் படம் பிடித்தான். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. வெளுப்பு கன்னத்திலிருந்து நெற்றிக்கு ஏறியிருந்தது. அடுத்த முறை கழுத்துக்கு இறங்கியிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடங்களில், வரப்போவதை அந்தக் கண்ணாடி வரைந்து வைத்தது. டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

"எனக்குக் காட்டேன், அண்ணா," என்று அவள் கேட்பாள்.

"காயட்டும்."

எத்தனை நாள்தான் காயும்? கடைசியில் சில்வெஸ்டர் பிரிகேட் ரோடுக் கடையில் ஒரு சின்னப் பெட்டிக் காமிராவும், சிவப்பையும் பார்க்கக்கூடிய புது பிலிம் சுருளும் வாங்கினான். லென்ஸுக்கு முன்னால் ஒரு மஞ்சள் கண்ணாடியைப் பொருத்தினான். அப்படி எடுத்தால் தோலின் வித்தியாசமெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். எதிர்பார்த்தபடியே வந்தது. பூசி மெழுகியதுபோன்ற முகம். ஒரு மாசு இல்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் படத்தைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றான். அவள் எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கொறைஞ்சிருக்கா?"

"கொறைஞ்சிருக்கு."

அவள் அழுததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். அவனும் அழுதான். அந்த ஒரு பொழுது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் பின்கட்டு அறையில் தனியாக இருந்துகொள்வேன், தட்டு டம்ளர் தனியாக வைத்துக்கொள்வேன் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவன் தலையாட்டினான்.

அவள் அதோடு விடுவாள் என்று அவன் எப்படி நினைத்தான்? வாரக் கடைசியில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், எனக்கு விடுதலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். டாக்டர் நல்லவர். என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, பிலிமைப் பற்றியும் மஞ்சள் கண்ணாடியைப் பற்றியும் பொறுமையாக விளக்கினார். பழைய தட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டவும் வேண்டியதாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மௌரீன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் சில்வெஸ்டர் தாங்கியிருப்பான்.

"எனக்கு நோயின்னு டாக்டர் சொன்னதால நான் நம்பல, அண்ணா. ஒன் தட்டுல விழுந்துச்சுன்னுதான் நம்பினேன். டென்சிலை வேணாம்னேன். ஸ்கூலை விட்டேன். எல்லாம் அதை வச்சுதான். இனிமே நான் எதை வச்சு நம்பறது?"

மாமரத்தில் அணில் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் அவள் எழுந்து உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் படம் எடுக்க உட்காரவில்லை. டாக்டரும் வற்புறுத்தவில்லை, தட்டு சொன்னதையெல்லாம் தோலே வெளியில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. சில்வெஸ்டர் வெறுங்கையோடு போய்வந்தான். சண்டை மூண்டு, கண்டோன்மென்ட் முழுக்கப் பட்டாளம் நிறைந்து, மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற வருஷங்களிலும் போய்வந்தான். மழையைப் பற்றிப் பேசுவார்கள், பங்குச் சாமியார் மாறியதைப் பற்றிப் பேசுவார்கள். டென்சிலுக்குக் குந்தக்கல்லிலேயே கல்யாணமாகிவிட்டது என்பதை அவன் சொன்னபோது, "பொண்ணு எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டாள்.

விடுதியில் முகம் பார்க்கும் கண்ணாடி வைப்பதில்லை. ஒரு தவக்கால ஞாயிறு, பேச்சுக்கு நடுவில் அவள் திடீரென்று கேட்டாள்:

"அண்ணா, எனக்குப் புருவம் இருக்கா?"

இல்லை. போன கிறிஸ்மஸுக்கே உதிர்ந்துபோயிருந்தது.

"இருக்கு," என்றான்.

அவள் வலது கையைத் தூக்கி, மடங்கிப்போன விரல்களால் கண்ணுக்கு மேலே மெல்லத் தடவினாள். இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள். மயிர் இருக்கிறதா, இல்லையா என்று அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அண்ணனின் முகத்தையே பார்த்தாள்.

"சரி," என்றாள்.