சின்னவன் பெயரில் பதினெட்டு ஆட்டம்

அந்த ஆண்டு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அதனால் ஜெர்சிகளைத் துவைக்கவும் இல்லை.

இரண்டாவது வெற்றிக்குப் பிறகு யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்ட சட்டம் அது. தோற்கிற வரைக்கும் ஜெர்சியில் தண்ணீர் படக் கூடாது. பன்னிரண்டு பையன்களும் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் கொடியில் காயப்போடுவது, அடுத்த ஆட்டத்துக்கு அப்படியே எடுத்து மாட்டிக்கொள்வது. பத்தாவது ஆட்டத்தைத் தாண்டியபோது அந்த ஜெர்சிகள் ஆள் இல்லாமலே எழுந்து நிற்கும் போலிருந்தன. எதிரணிக்காரன் பந்துக்குப் பயப்படுகிறானா நாற்றத்துக்குப் பயப்படுகிறானா என்று கோச்சே கேலி செய்வார்.

இதில் வயிறெரிந்தவள் ஏழாம் எண் பையனின் அம்மா. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமோ மருந்தோ வாந்தியோ, எந்தக் கறை வந்தாலும் அதற்கேற்ற தண்ணீரில் ஊறவைத்து, மெஷினில் போட்டு, வெள்ளை வெளேரென்று மடித்து அனுப்புகிறவள். அவள் வீட்டுக் கொடியிலேயே இப்படி ஒன்று தொங்கினால் பொறுக்குமா?

"ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்துட்டு வர்றேன். என் வீட்டுக்குள்ள நுழையறதுக்கு நானே மூக்கைப் பொத்த வேண்டியிருக்கு."

"தொட்டுடாதம்மா. நீ தொட்டா தோத்துருவோம்."

"நீங்க தோக்கறதுக்குள்ள நான் மூச்சு முட்டிப் போயிருவேன்டா, பெரியவனே."

பெரியவன் என்றுதான் வீட்டில் அவனைக் கூப்பிடுவார்கள். ஆனால் அந்த வீட்டில் அவன் ஒரே பிள்ளை. ஒரே பிள்ளை எப்படிப் பெரியவன் ஆனான் என்று அவனே ஒருமுறை கேட்டிருக்கிறான். "கண்ணாடியில போய் உன் உயரத்தைப் பாரு" என்று அப்பா முடித்துவிட்டார். ஆறடி நாலங்குலம். அவனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

உண்மை வேறு. அவனுக்குப் பிறகு இன்னொருவன் பிறந்தான். அப்போது புருஷனும் பெண்டாட்டியும் கட்டட வேலைக்காக இடம் விட்டு இடம் போய்க்கொண்டிருந்த காலம். பெரியவன் ஒரு தகரக் கொட்டகையில் பிறந்தான். அதை யாரும் எங்கும் பதியவில்லை. பதினாறு மாதம் கழித்துச் சின்னவன் ஆஸ்பத்திரியில் பிறந்தான். முத்திரை, கையெழுத்து, பெயர் என்று சகலமும் உள்ள ஒரு சான்றிதழ் அவனுக்குக் கிடைத்தது. பத்தாம் மாதத்தில் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள்தான். கொட்டகைக்குப் பின்னால் புதைத்துவிட்டு, அடுத்த வாரமே வேறு இடத்துக்கு வேலைக்குக் கிளம்பினார்கள். இறந்ததையும் யாரும் எங்கும் பதியவில்லை.

பெரியவனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது சான்றிதழ் கேட்டார்கள். வீட்டில் இருந்தது ஒன்றுதான்.

"உள்ள காகிதம் எதுக்கு வீணாப் போகணும்?" என்றார் அவள் புருஷன்.

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை, அதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது. அன்றிலிருந்து பெரியவன் வெளியுலகத்தில் சின்னவனின் பெயரில் நடமாடினான். வயதிலும் பதினாறு மாதம் குறைந்துபோனது. அவள் மட்டும் அந்தப் பெயரை வாயில் எடுத்ததே இல்லை. எடுத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்களோ என்று அவளுக்குப் பயம்.

அவள் ஆட்டம் பார்க்கப் போனதும் அந்தப் பெயருக்காகத்தான். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, காலில் விழாத குறையாகச் சலவைக்கூட மேஸ்திரியிடம் கெஞ்சி, பதினெட்டு ஆட்டத்துக்கும் போனாள். பந்து ரிங்குக்குள் விழுந்தால் இரண்டு புள்ளியா மூன்று புள்ளியா என்பதுகூடக் கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை. ஏழாம் எண் பந்தோடு எழும்பினால் அரங்கம் முழுக்க அந்தப் பெயரைக் கத்தும். பத்தே மாதம் வாழ்ந்து, நாலு பேருக்குக்கூடத் தெரியாமல் போன பிள்ளையின் பெயரை ஐந்நூறு பேர் சந்தோஷமாகக் கத்துவார்கள். அவள் உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கைதட்டுவாள், அழுவாள். மகன் நன்றாக ஆடுகிற பூரிப்பு என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இறுதி ஆட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எதிரணிக் கேப்டனுக்கு அத்தை. இடைவேளையில் தொழில் பழக்கத்தில் பேச்சுக் கொடுத்தாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணுதான்."

"ஒத்தப் பிள்ளையா? அப்ப அவன் பேர்ல கண்டிப்பா ஒரு பாலிசி எடுத்துடணும்ங்க."

ஆட்டம் முடிய நாலு வினாடி. அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. ஏழாம் எண் ரிங்கை நோக்கி எழும்பினான். எவனுடைய முழங்கையோ அவன் நெஞ்சில் இறங்க, அப்படியே மல்லாந்து விழுந்தான். தலை தரையில் மோதிய சத்தம் கேலரி வரை கேட்டது. ஐந்நூறு பேரும் வாயடைத்துப் போன அந்த நேரத்தில் அவள் எழுந்து நின்று அலறினாள்.

"பெரியவனே! ஐயோ, பெரியவனே!"

அவன் மெல்ல எழுந்தான். தலையை உதறிக்கொண்டான். கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் உள்ளே போட்டான். ஒரு புள்ளியில் கோப்பை. பையன்கள் அவன்மேல் விழுந்து புரண்டார்கள், கோச் தரையில் உட்கார்ந்து அழுதார். ஏஜென்ட் அம்மாள் மட்டும் திரும்பி அவளையே பார்த்தாள்.

"ஒண்ணுதான்னீங்களே. அப்ப யாருக்குப் பெரியவன்?"

உயரம் என்று சொல்லியிருக்கலாம். வருஷக்கணக்காகக் கைவசம் இருந்த பதில்தான். ஆனால் அந்தச் சமயத்தில் அது வாய்க்கு வரவில்லை, பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் கெட்டது அப்படித்தான்.

பிறந்த தேதிகளோடேயே புழங்குகிற ஏஜென்ட் அம்மாள் கணக்குப் போட்டுச் சொல்ல, தம்பியின் சான்றிதழில் அண்ணன் ஆடுகிறான் என்று அரை மணி நேரத்தில் எதிரணி புகார் எழுதிக் கொடுத்துவிட்டது. பதினெட்டு நிறைந்தவன் ஆடக் கூடாது என்பது விதி. கோப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பெரியவனின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். பதினெட்டைத் தாண்டியிருக்கலாம், தாண்டாமலும் இருக்கலாம் என்று எக்ஸ்ரே மதில் மேல் பூனையாக நின்றது. இனிப் பெற்றவர்கள் எழுதிக் கொடுப்பதுதான் முடிவு என்றார்கள்.

கோச் வீட்டுக்கே வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அக்கா, ஒரு படிவம் குடுப்பாங்க. எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டிருக்கும். உயிரோட ஒண்ணு, இறந்தது பூஜ்யம். கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். இவனுக்கு காலேஜ்ல இடம் தயாரா இருக்கு. மத்தப் பதினோரு பசங்களையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

அவர் அவளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"போடுவா சார், போடாம என்ன" என்றார் அவள் புருஷன்.

தலைமையாசிரியர் அறையில் விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். பெரியவன் கதவோரம் நின்றிருந்தான். படிவத்தை அவள் முன்னால் நகர்த்திய அதிகாரி அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"பதறாம எழுதுங்கம்மா."

உயிரோடு இருப்பவர் என்ற கட்டத்தில் 1 என்று எழுதினாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

பூஜ்யம் என்பது ஒரு சுழி. போட ஒரு வினாடி ஆகாது. பதினாறு வருஷமாக வாயால் போட்டுக்கொண்டிருந்த சுழிதான் அது. எழுத்தில் போட்டதில்லை. சின்னவனுக்கு ஒரு போட்டோ கிடையாது, தலைமாட்டில் ஒரு கல் கிடையாது. புதைத்த இடத்தில் ஆறு மாடி எழும்பிவிட்டது, பின்னால் அங்கேயே வேலைக்குத் திரும்பி வந்து அதன் அஸ்திவாரத்துக்கு ஜல்லி சுமந்தவளும் அவள்தான். அவன் ஒருவன் இருந்தான் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த சாட்சி அவள் மட்டும்தான். பெற்றவளே கையெழுத்துப் போட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

புருஷன் தொண்டையைக் கனைத்தார். அவள் கதவோரம் பார்த்தாள். பெரியவன் ஒன்றும் தெரியாமல், தைரியம் சொல்கிறவன் போலச் சிரித்தான்.

அவள் 1 என்று எழுதினாள். எழுதிவிட்டு, யாரும் கேட்காமலே, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னாள்.

"என்னம்மா?" என்றான் பெரியவன்.

பதினெட்டு வெற்றியும் பதினெட்டுத் தோல்வியாயின. கோப்பை எதிரணிப் பள்ளிக்குப் போனது. கல்லூரியிலிருந்து இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. மற்றப் பையன்கள் சண்டைக்கு வரவில்லை, கல்லெறியவில்லை. மறுநாள் காலையில் ஒவ்வொருவனாக வந்து அவள் வாசலில் தன் ஜெர்சியைப் போட்டுவிட்டுப் போனான். பதினொன்றும் குவியலாகக் கிடந்தன. கடைசியாக வந்தவன் மட்டும் வாயைத் திறந்தான்.

"தோத்தாச்சு ஆன்ட்டி. துவைச்சுக்குங்க."

அவள் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கொடியில் கிடந்த ஏழாம் எண்ணையும் சேர்த்து ஊறவைத்தாள். தண்ணீர் சாக்கடையாகக் கறுத்தது. முதுகில் அச்சடித்திருந்த அந்தப் பெயர் மட்டும் எத்தனை அலசலுக்கும் அசையவில்லை.

"செத்தவனுக்காக உயிரோட இருக்கறவனைப் புதைச்சுட்டியேடி" என்றார் புருஷன். அவள் அடுத்த ஜெர்சியை எடுத்து அலசினாள். அவர் சொன்னதில் பொய் இல்லை.

பெரியவன் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. சரியான சான்றிதழ் இல்லாமல் பரீட்சை எழுத முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டதால், பத்தாம் நாள் அவளோடு பதிவு அலுவலகத்துக்கு வந்தான். பிறப்புக்கும் இறப்புக்கும் அங்கே ஒரே ஜன்னல். குமாஸ்தா முதலில் சின்னவனின் இறப்பைப் பதிந்தார். பெயரைக் கேட்டு, எழுதி, முத்திரை குத்தினார். அந்தப் பெயர் அதோடு முடிந்தது. பிறகு அடுத்த படிவத்தை எடுத்தார்.

"உன் பேர் என்னப்பா?"

அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"எனக்கு என்னம்மா பேர் வெச்சீங்க?"

அவள் அந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தாள்.

"வைக்கலப்பா. ஊருக்குப் போய் வைக்கலாம்னு தள்ளிப் போட்டோம். கண்ணுன்னு கூப்பிட்டுட்டு இருந்தோம். அவன் பொறந்ததும் பெரியவன்னு கூப்பிட ஆரம்பிச்சோம்."

"வரிசை நிக்குதுப்பா. என்ன எழுத?" என்றார் குமாஸ்தா.

ஜன்னல் அவன் இடுப்பளவுக்குத்தான் இருந்தது. அவன் நன்றாகக் குனிந்தான்.

"பெரியவன்னே எழுதுங்க."

"அதெல்லாம் ஒரு பேரா?"

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் சார்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். பெரியவன் ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்காக நிற்காமல் படியிறங்கிப் போனான்.